காது கொடுத்துக் கேட்கிறவர்

பூகோளம் சாருக்குக் காது எப்போது மந்தமாக ஆரம்பித்தது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கீழே விழுந்து காலை உடைத்துக்கொண்ட மாதிரி தேதி சொல்லக்கூடிய சமாசாரம் இல்லை அது. முதலில் ஜன்னலோரத்துக் குருவிகள் போயின. ஊரில் குருவிகளே குறைந்துவிட்டன என்று நினைத்துக்கொண்டார். பிறகு வாசல் அழைப்பு மணி போயிற்று. மணி கெட்டுவிட்டதென்று ஆளைக் கூப்பிட்டார். வந்தவர் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் அடிக்குது?" என்றார். அவரை நம்பாமல் புதிது ஒன்று போடச் சொன்னார். கடைசியில் மனிதர்களின் பேச்சிலிருந்து எழுத்துகள் உதிர ஆரம்பித்தன. சத்தம் வரும், சொல் வராது. அப்போதும் இந்தக் காலத்தில் ஒருத்தரும் வாயைத் திறந்து பேசுவதில்லை என்றுதான் குறைப்பட்டுக்கொண்டார்.

ஊரிலிருந்த மேல்நிலைப் பள்ளியில் அவர் புவியியல் சொல்லிக்கொடுத்தார். பாடத்தாலும், வயிற்றின் வடிவத்தாலும் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பூகோளம். ஒரு காலத்தில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு ஆசிரியர் அறையிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. பட்டப்பெயரே இல்லாத வாத்தியாரைப் பிள்ளைகள் கவனிப்பதில்லை என்று பொருள் என்பார்.

கோளாறு மணியிலும் இல்லை, ஊரிலும் இல்லை, தன்னிடம்தான் என்று தெரிந்த பிறகு அவர் செய்த முதல் காரியம், அதைக் காதும் காதும் வைத்த மாதிரி மறைத்ததுதான். காரணம் அவருடைய அப்பா. தகரப் பட்டறையில் வேலை பார்த்த அந்த மனிதருக்கு முப்பத்தைந்து வயதிலேயே காது போய்விட்டது. விருந்தாளிகள் வந்தால் சித்தப்பா ஒரு விளையாட்டு காட்டுவார். அண்ணனைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு வாய்க்கு வந்தபடி திட்டுவார். அண்ணன் பதிலுக்குச் சிரித்துத் தலையாட்டுவார். கூடம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அந்தத் தலையாட்டலைப் பார்த்து வளர்ந்தவர் பூகோளம் சார். மறதிக்காரன் என்று சொல்லட்டும், திமிர் பிடித்தவன் என்று சொல்லட்டும், செவிடன் என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் தன்மேல் விழக்கூடாது என்று இருந்தார்.

வகுப்பில் சமாளிப்பது அத்தனை சிரமமாக இல்லை. பாடம் நடத்துகிறவர் பேசுகிறவர்தானே. கேட்க வேண்டியவர்கள் பிள்ளைகள். எப்போதாவது ஒரு கேள்வி கேட்பார். இரண்டாவது வரிசைக்கு அப்பால் யாராவது எழுந்தால் வாய் அசைவது மட்டும் தெரியும். "நல்ல பதில், உக்காரு" என்பார். தப்பான பதில் சொன்னவன் கூட மகிழ்ச்சியோடு உட்கார்ந்துவிடுவான்.

இப்படியே ஓடியிருக்கும், அந்த ஒரு நாள் மட்டும் வராமல் இருந்திருந்தால். கடைசிக்கு முந்தைய வரிசையில் ஒரு பெண் இருந்தாள். எப்போதும் தொண்டைக்குள்ளேயே பேசுவதால் மற்றவர்கள் அவளை முணுமுணு என்று கூப்பிடுவார்கள். பாடத்தின் நடுவில் எழுந்து ஏதோ சொன்னாள். சார், "நல்ல பதில், உக்காரு" என்றார். அவள் உட்காராமல் இன்னொரு தடவை சொன்னாள். "ரொம்ப நல்ல பதில். எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. முன்வரிசைப் பையன் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், அவ பாத்ரூம் போகணும்னு கேக்கறா சார்" என்றான். முணுமுணுவின் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. முகத்தைப் பார்க்காமல் கையால் வாசலைக் காட்டினார். அவள் ஓடிப் போனதும் பலகைப் பக்கம் திரும்பி நெடுநேரம் ஒரு நதியின் படத்தை வரைந்துகொண்டிருந்தார். அதில் வரைய அவ்வளவு ஒன்றும் இருக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் யோசித்தார். மூளை நன்றாகத்தான் வேலை செய்தது. நாற்பது பேரும் நாற்பது திசையிலிருந்து பேசினால் தன்னால் ஆகாது. ஒரு நேரத்தில் ஒரு குரல், அதுவும் பக்கத்தில், முகத்தைப் பார்த்து, என்ன பேசப் போகிறார்கள் என்று முன்னாலேயே கொஞ்சம் தெரிகிற மாதிரி வந்தால் பிடித்துவிடலாம். அதற்கு என்ன வழி?

அடுத்த வாரம் வகுப்பை நான்காகப் பிரித்தார்.

"இன்னிக்கு நான் பேசப் போறேன். நீங்க சும்மா கேக்கக்கூடாது. ஆளுக்கொரு வேலையோட கேக்கணும். ஜன்னல் பக்கம் இருக்கறவங்க கேள்விக் குழு. நான் சொல்றதுல எது புரியலையோ, எது மேல சந்தேகமோ, அதைக் கேள்வியா மாத்தணும். அடுத்தவங்க ஒத்துக்கற குழு. நான் சொன்னதுல எது சரி, ஏன் சரின்னு சொல்லணும். மூணாவது, எதிர்க்கிற குழு. எங்க தப்பு, எங்க இடிக்குதுன்னு பாக்கணும். வாசல் பக்கம், உதாரணக் குழு. நான் சொன்னது நம்ம தெருவுல, நம்ம வீட்டுல எங்க நடக்குதுன்னு கண்டுபிடிக்கணும். முடிஞ்சதும் குழுவுக்குள்ள பேசிக்கங்க. அப்புறம் ஒருத்தர் மட்டும் முன்னால வந்து, பலகையில ஒரே ஒரு வரி எழுதிட்டு, என் மூஞ்சியைப் பாத்து விளக்கணும்."

"உங்க மூஞ்சியைப் பாத்தாதான் சார் பயமே" என்று ஒருவன் சொன்னான். அவர் காதில் விழவில்லை. நல்லதாகப் போயிற்று.

ஆறுகளைப் பற்றிப் பேசினார். ஆற்றங்கரையில்தான் ஊர்கள் வளர்ந்தன என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். பேசி முடித்ததும் வகுப்பில் ஒரு இரைச்சல் எழுந்தது. அவருக்கு அது தூரத்து ஆலை ஓடுகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் தலைகள் கூடுவதும், ஒருவன் கையை ஆட்டி மறுப்பதும், இன்னொருத்தி புத்தகத்தைப் புரட்டி விரலை வைத்துக் காட்டுவதும் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவருடைய வகுப்பில் அப்படி நடந்ததில்லை.

கேள்விக் குழுவிலிருந்து ஒருவன் வந்து "ஆறு ஏன் நேராப் போறதில்லை?" என்று எழுதினான். உதாரணக் குழு, பள்ளி வாசலில் சாக்கடைத் தண்ணீர் கல்லைச் சுற்றிக்கொண்டு வளைந்து போவதைச் சொன்னது. ஒத்துக்கொள்கிற குழுதான் திணறியது. "எல்லாமே சரிதான் சார்" என்றான் வந்தவன்.

"ஏன் சரி?"

"நீங்க சொன்னீங்கல்ல சார்."

"அது ஒத்துக்கறது இல்லப்பா. தலையாட்டறது. போய் மறுபடி யோசிச்சுட்டு வா."

எதிர்க்கிற குழுவின் சார்பில் முணுமுணு வந்தாள். அவளை யார் அனுப்பினார்களோ, தள்ளிவிட்ட மாதிரிதான் வந்து நின்றாள். சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, "வெள்ளம் வந்தா?" என்று இரண்டே சொல் எழுதினாள். பிறகு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "ஆறு இருக்கறதாலதான் ஊர் வளருதுன்னு சொன்னீங்க. எங்க மாமா ஊரை ஆறுதான் சார் அடிச்சுட்டுப் போச்சு. இப்ப அவங்க மேட்டுல இருக்காங்க. தண்ணிக்கு ரொம்ப தூரம் போறாங்க. ஆனாலும் கீழ வர மாட்டேங்கறாங்க" என்றாள்.

ஒரு சொல் விடாமல் அவருக்குக் கேட்டது. "சரியான எதிர்ப்பு" என்றார். இந்தத் தடவை தெரிந்தே சொன்னார்.

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த தலைமையாசிரியை ஜன்னலருகே நின்றுவிட்டார். அப்புறம் நடந்ததெல்லாம் சார் கணக்குப் போடாதது. அந்த அம்மா இன்னும் இரண்டு தடவை வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். மற்ற ஆசிரியர்களையும் அனுப்பினார். கணக்கு வாத்தியார் பார்த்துவிட்டு வந்து, "நானும் எதிர்க்கிற குழு வெச்சேன் சார். ரெண்டும் ரெண்டும் நாலுன்னு சொன்னதை எதிர்த்துட்டானுங்க" என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிக்க வைத்தார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு பூகோளம் சாரும் சிரித்தார். கொஞ்ச நாளில், பிள்ளைகள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற மனிதர் என்று அவருக்கு ஒரு பெயர் பரவியது. நடப்பதற்கே பயந்து கைத்தடி ஊன்றியவனுக்கு ஓட்டப்பந்தயக்காரன் என்று பெயர் வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

அவர் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். நரம்பு தேடி ஊசி போடுவதில் கெட்டிக்காரி. குரலும் கையைப் போலவே மெலிது. வலிக்கப் போகிறது என்று பயப்படுகிறவர்களிடம் பேசிப் பேசி அந்தக் குரல் இன்னும் இறங்கிப் போயிருந்தது. கல்யாணமான புதிதில் அந்தக் குரலுக்காகவே சார் பக்கத்தில் வந்து உட்காருவார். மனிதக் குரல்களில் அதுதான் அவருக்கு முதலில் காணாமல் போயிற்று. சமையலறையிலிருந்து அவள் ஏதாவது சொன்னால் "ம்" என்பார், இல்லாவிட்டால் "சரி" என்பார். உப்பு வாங்கி வரச் சொன்னால் சோப்பு வாங்கி வருவார். அவள் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்ன அன்று, "ரொம்ப நல்லது" என்றார். "உங்ககிட்ட சொல்றதும் செவுத்துக்கிட்ட சொல்றதும் ஒண்ணு" என்று ஆரம்பத்தில் சண்டை பிடித்தாள். அப்புறம் சண்டையும் நின்றது. பிள்ளை இல்லாத வீடு. இரண்டு பேரும் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

தலைமையாசிரியை சர்க்கரை பார்ப்பதற்காக அந்த நிலையத்துக்குப் போனது தற்செயல்தான்.

அன்று மாலை மனைவி கைப்பையைக் கூடக் கழற்றாமல் அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். கோபத்தில் குரல் உயர்ந்திருந்தது. அதனால் எல்லாமே அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

"உங்க தலைமையாசிரியை வந்தாங்க. ரத்தம் எடுத்து முடிக்கற வரைக்கும் உங்க புகழ்தான். நாப்பது பிள்ளைங்க சொல்றதையும் ஒண்ணு விடாம கேப்பீங்களாம். முகத்தைப் பாத்துக் கேப்பீங்களாம். நான் குடுத்து வெச்சவளாம். ஊசியைக் கையில வெச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே நின்னேன்."

"அது வேலைம்மா. அங்க அப்படித்தான் இருந்தாகணும்."

"நான் வேலை இல்லை. அதானே?" அவள் கைப்பையின் வாரை இறுகப் பிடித்திருந்தாள். "மொதல்ல மறதின்னு நெனச்சேன். அப்புறம் உங்க சுபாவமே அப்படின்னு நெனச்சேன். இந்த மனுஷனுக்குக் கேக்கவே தெரியாது, யார் சொன்னாலும் இப்படித்தான்னு என்னை நானே சமாதானப்படுத்திக்கிட்டேன். தெரியுமாம். நல்லாவே தெரியுமாம். எனக்கு மட்டும்தான் கிடையாது."

எனக்குக் காது கேட்கவில்லை என்று ஒரே ஒரு வரி. அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்த இடத்தில், கூடத்தில் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. "நீயா எதையாவது நெனச்சுக்காதே" என்று மட்டும் சொன்னார்.

அவள் தங்கை இருக்கிற ஊரில் அந்த நிலையத்துக்கு ஒரு கிளை இருந்தது. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. "கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்றுதான் சொன்னாள். கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று அவரும் கேட்கவில்லை.

ஆள் இல்லாத வீட்டில் அவருடைய செவிட்டுத்தனத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. யாரும் பேசாத இடத்தில் யாருக்குத்தான் கேட்காது? பள்ளியிலிருந்து வந்து ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாத்திரம் கழுவி வைப்பார். மாடி வீடு. ஒரு நாள் குளியலறைக் குழாயைச் சரியாக மூடாமல் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் படியில் இறங்கி, கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டித் தட்டி, கடைசியில் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிய பிறகுதான் தெரிந்தது. "எவ்வளவு நேரமா கூப்பிடறேன், கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க" என்றார் அவர். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கடைசிப் படி வரைக்கும் தானே தள்ளிவிட்டு வந்தார் சார்.

மனைவி ஒரு தடவை போன் செய்தாள். தகர டப்பாவுக்குள் பயறைப் போட்டுக் குலுக்கிய மாதிரி அவள் குரல் வந்தது. என்னவோ கேட்கிறாள் என்பது இழுப்பிலிருந்து தெரிந்தது. "சரி, சரி" என்றார். அவள் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் கூப்பிடவில்லை. எதற்குச் சரி சொன்னோம் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்களை எல்லாம் கூட்டி, இந்தக் குழு முறையை அவரே சொல்லிக்காட்ட வேண்டும் என்று தலைமையாசிரியை ஏற்பாடு செய்தார். எத்தனையோ சாக்குப்போக்குச் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா விடுகிற ஆள் இல்லை.

பெரிய கூடம். மேலே மின்விசிறிகள் எல்லாம் ஒன்றாகச் சுற்றின. வந்தவர்களை நான்கு குழுவாக உட்காரச் சொன்னார். பிள்ளைகள் கேட்ட பேச்சைப் பெரியவர்கள் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் பக்கத்தில் தெரிந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஒத்துக்கொள்கிற குழுவில் இருந்தவர்கள்தான் எல்லாவற்றையும் எதிர்த்தார்கள். முன்னால் வந்து பேசச் சொன்னால், "இங்கிருந்தே சொல்றேனே" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார்கள். அவர் சிரித்துச் சிரித்துச் சமாளித்தார். முகம் வலித்தது.

கடைசி வரிசையில் ஓர் இளம் ஆசிரியை எழுந்து நின்று நிதானமாக ஏதோ கேட்டாள். அவருக்கு "பொண்ணு", "குழு" என்ற இரண்டு சொல்தான் வந்து சேர்ந்தது. அடங்காத பிள்ளையை எந்தக் குழுவில் போடுவது என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டார். அதற்கு முன் இரண்டு பேர் அதைத்தான் கேட்டிருந்தார்கள்.

"அதுக்கெல்லாம் கவலைப்படாதீங்கம்மா. அது பாதி நடிப்பு. ரெண்டு அதட்டு அதட்டி ஓரமா உக்கார வெச்சா தானா வழிக்கு வந்துடும்" என்றார்.

கூடம் சட்டென்று அடங்கியது. அந்த அடக்கம் அவருக்குக் கேட்கவில்லை, தெரிந்தது. எல்லா முகங்களும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. இளம் ஆசிரியை உட்கார்ந்துவிட்டாள். தலைமையாசிரியை எழுந்து அவர் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் ஆனால் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "சார், அவங்க வகுப்புல ஒரு பொண்ணுக்குக் காது சரியா கேக்காதாம். அவளை எந்தக் குழுவில உக்கார வைக்கறதுன்னு கேட்டாங்க. நீங்க என்ன இப்படிச் சொல்லிட்டீங்க?"

வழக்கம் போல் அவர் ஏதாவது மழுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். விளையாட்டுக்குச் சொன்னேன் என்றிருக்கலாம். ஆனால் அந்த இளம் ஆசிரியை கையில் பேனாவை வைத்திருந்தாள். இவர் சொன்னதை நம்பி நாளைக்கு அவள் வகுப்புக்குப் போவாள். எங்கேயோ ஒரு பெண் ஓரமாக உட்கார்ந்து அதட்டு வாங்குவாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். "நீங்க கேட்டது எனக்குக் கேக்கலை. இங்க பேசினது பாதிக்கு மேல எனக்குக் கேக்கலை. எனக்குக் காது மந்தம். பல வருஷமா. இந்தக் குழு முறையெல்லாம் எங்கயும் படிச்சு வந்ததில்லை. பிள்ளைங்க பேசறது கேக்காம போனதாலதான் முன்னால வந்து, ஒருத்தர் ஒருத்தரா, என் முகத்தைப் பாத்துப் பேச வெச்சேன். அந்தப் பொண்ணை எந்தக் குழுவில வேணும்னாலும் போடுங்க. மத்தவங்க உதடு தெரியற மாதிரி உக்கார வைங்க. பலகையில ஒரு வரி கட்டாயம் எழுதச் சொல்லுங்க. அவ தலையாட்டினா புரிஞ்சுதுன்னு நெனச்சுக்காதீங்க. என்ன புரிஞ்சுதுன்னு கேளுங்க."

யாரோ கை தட்ட ஆரம்பிக்க, எல்லோரும் தட்டினார்கள். அவருக்கு எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

திரும்பி வந்து வண்டியிலிருந்து இறங்கும்போது தலைமையாசிரியை, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் சார்" என்றார். அந்த அம்மாவுக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகியிருந்தது.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று சொல்வார்கள். கொஞ்சம் இறங்கியது உண்மைதான். ஆனால் ஆசிரியர் அறையில் வேறு ஒன்று ஏறிக்கொண்டது. முதல் வாரம் எல்லோரும் அவரிடம் கத்திப் பேசினார்கள். கணக்கு வாத்தியார் அவர் காதருகே குனிந்து, "சாப்டீங்களா சார்?" என்று சந்தையில் கூவுகிற மாதிரி கூவுவார். அடுத்த வாரம் அவர்களுக்குத் தொண்டை வலித்தது போல, கத்துவது நின்றது. எல்லோரும் சிரிக்கும்போது, "என்ன விஷயம்?" என்று இவர் கேட்டால், "ஒண்ணுமில்லை சார், சும்மா" என்றார்கள். மறைத்து வைத்திருந்த காலத்தில் கூட அவரைப் பார்த்து ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது சொன்னால் திரும்பச் சொல்ல வேண்டுமே என்று அதையும் நிறுத்திவிட்டார்கள்.

பிள்ளைகள் மட்டும் அப்படி இல்லை. அந்த வாரம் கேள்விக் குழுவிலிருந்து ஒருவன் வந்து, "எங்க கேள்வி பாடத்துல இல்லை. கேக்கலாமா சார்?" என்றான்.

"கேளு."

"காது கேக்காததாலதான் இந்தக் குழுவெல்லாம் வெச்சீங்களா?"

"ஆமாப்பா."

அவன் திருப்தியாகப் போய் உட்கார்ந்தான். எதிர்க்கிற குழுவில் கொஞ்ச நேரம் தலைகள் கூடின. முணுமுணு எழுந்து வந்தாள். "நாங்க ஒத்துக்கலை சார். கேக்காதது மட்டும்தான் காரணம்னா, எழுதிக் குடுத்துட்டுப் போங்கன்னு சொல்லியிருப்பீங்க. வந்து பேசுன்னு சொன்னீங்க."

அவர் பலகையைத் துடைத்துவிட்டு மலைகளைப் பற்றிய பாடத்தை ஆரம்பித்தார். அந்த வார இறுதியில் பேருந்து ஏறி மனைவியைப் பார்க்கப் போனார்.

கதவைத் திறந்தது மச்சினி. "வாங்க அத்தான்" என்றாள். உள்ளே திரும்பி ஏதோ சொன்னாள். தனக்குக் கடையில் வேலை இருக்கிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குக் காது கேக்கலை" என்றார். "ரொம்ப நாளா. நீ பேசறது கேக்காமதான் சரி சரின்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

அழுவாள், இல்லாவிட்டால் பக்கத்தில் வருவாள் என்று பேருந்தில் வரும்போது நினைத்திருந்தார். அவள் ஒரு துண்டை மடித்து முடித்து அடுத்ததை எடுத்தாள். அதையும் மடித்தாள்.

"எத்தனை வருஷமா?"

"ஏழெட்டு இருக்கும்."

"ஏழெட்டு வருஷம்" என்றாள். "ஒரு வார்த்தை. அவ்வளவுதானே? அதைச் சொல்றதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு, என்னை என்னவா ஆக்கி வெச்சீங்க தெரியுமா? பேசறதுக்கே லாயக்கில்லாதவன்னு நெனச்சுக்கிட்டேன் என்னைப் பத்தி. ஊசி குத்தற நேரத்துல யார் யாரோ என் பேச்சைக் கேப்பாங்க. கட்டின புருஷனுக்குக் கேக்கப் பிடிக்கலைன்னா என்கிட்டதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

அவர் வாயைத் திறந்தார்.

"இருங்க. ஒண்ணு கேக்கறேன். பாத்திரம் கழுவிக்கிட்டே ஒரு நாள் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். குழாய் ஓடிக்கிட்டிருந்தது. உங்க முகத்தைப் பாத்துக் கேக்க தைரியம் இல்லாமத்தான் திரும்பி நின்னுக்கிட்டுக் கேட்டேன். நாம ஒரு குழந்தையை எடுத்து வளக்கலாமான்னு. நீங்க பேப்பரை மடிச்சு வெச்சுட்டு எழுந்து வெளியே போயிட்டீங்க. அது கேக்கலையா?"

அவருக்கு அந்த நாள் நினைவிலேயே இல்லை. எத்தனையோ நாட்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போயிருக்கிறார்.

"கேக்கலை" என்றார். அவருடைய குரலே அவருக்குக் கேட்கவில்லை. "கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

"நீங்க எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லுவீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் கண் துணிமேல் இருந்தது. ஆனால் அவருக்கு உதடு தெரிய வேண்டும் என்று முகத்தை மட்டும் நிமிர்த்திச் சொன்னாள். "இப்ப அதுக்கு வயசும் இல்லை, ஆசையும் இல்லை. விடுங்க."

வேறு என்னென்ன கேட்டாய், என்னென்ன சொன்னாய் என்று மெல்லக் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். "அதையெல்லாம் மறுபடி ஒரு தடவை சொல்ல என்னால முடியாதுங்க."

ஆனால் காது மருத்துவரிடம் அவளே கூட்டிப்போனாள். தெரிந்த இடம். கண்ணாடி அறைக்குள் அவரை உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு வெளியே அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் அவர் பொத்தானை அழுத்தவே இல்லை. வெளியே அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டதைப் பார்த்தார். அந்தச் சமயத்தில் சத்தம் வந்துகொண்டே இருந்திருக்க வேண்டும் என்று புரிந்தது.

காது மெஷின் வந்தது. தட்டுகள் மோதுகிற சத்தம் ஆளைத் தூக்கிவாரிப்போட்டது. வகுப்பில் நாற்காலிகள் இழுபடுவதைக் கேட்டு முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் குழுக்களை விடவில்லை. பிள்ளைகளும் விடுவதாக இல்லை. வீட்டுக்கு வந்தால் மெஷினைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். குளிர்சாதனப் பெட்டி உறுமுவதையும் கீழ் வீட்டுக்காரர் இருமுவதையும் கேட்டு என்ன ஆகப் போகிறது? ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் ஏறும்போது மறக்காமல் மாட்டிக்கொள்வார். அவள் காபி தருவாள். நிலையத்தில் வந்துபோனவர்களைப் பற்றிச் சொல்வாள். சில ஞாயிறுகளில் நிறையச் சொல்வாள். சில ஞாயிறுகளில் அவரும் மச்சினியும் மட்டும் பேசிக்கொண்டிருப்பார்கள். எப்போது வருகிறாய் என்று அவர் ஒரே ஒரு தடவை கேட்டார். "பாக்கலாம்" என்றாள். அந்தச் சொல் தெளிவாகக் கேட்டது. இரண்டாம் தடவை அவர் கேட்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, தன் தையல் மெஷினை எடுத்துப் போக வந்தாள். தங்கை வீட்டில் பொழுது போகவில்லையாம். தையல் மெஷின் போகிறதென்றால் அவளும் அங்கேயேதான் இருக்கப் போகிறாள் என்று பொருள். அவர் ஒரு பக்கம் பிடித்தார். கீழ் வீட்டுக்காரர் மறுபக்கம் பிடித்தார். மூன்று பேருமாக வாடகை வண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அவள் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி உறும ஆரம்பித்த பிறகு ஜன்னல் வழியாக ஏதோ சொன்னாள்.

அவர் தலையாட்டப் போனவர், நிறுத்திக்கொண்டார். வண்டியின் பக்கத்தைத் தட்டி ஓட்டுநரை நிறுத்தச் சொன்னார். ஜன்னலருகே போனார்.

"என்ன சொன்னே? கேக்கலை."

"நாளைக்கு வரும்போது என் குடையை எடுத்துட்டு வாங்கன்னேன். கதவுக்குப் பின்னால மாட்டியிருக்கு."

"கதவுக்குப் பின்னால."

"ஆமா."

வண்டி போயிற்று. அவர் படியேறிப் போய்க் கதவுக்குப் பின்னால் பார்த்தார். குடையை எடுத்து, மறக்காமல் இருக்க, செருப்புப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.